பூட்டிய வீட்டுக்கு எப்படித் திரும்பிப் போவது?

கேள்வி:

வணக்கம் அக்கா. எனக்கு 27 வயது. சொந்த ஊர் சேலம் அம்மாபேட்டை. பி.எஸ்சி. முடித்துவிட்டு இரண்டு வருடம் ஒரு நர்சரி பள்ளியில் டீச்சராக இருந்தேன். இப்போது ஆறு மாதமாக, வளர்ச்சியில் தாமதம் உள்ள சின்னக் குழந்தைகளுக்காக வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளர். வாரத்தில் மூன்று நாள் ஏற்காடு மலைக்குப் போகிறேன், இரண்டு நாள் டவுனில்.

மலையில் ஒரு ஊரில் 2 வயது 8 மாதப் பையன். பேச்சு இல்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. டப்பா மூடியைத் தரையில் சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பான். மூன்றாவது தடவை போனபோது அவன் அம்மாவிடம், "ஆட்டிசம் மாதிரி தெரியுது, சேலம் ஜி.எச்.சுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். அதிலிருந்து நான் போகும்போதெல்லாம் வீடு பூட்டிக் கிடக்கிறது. பையனைப் பால்வாடிக்கும் அனுப்புவதில்லை. பால்வாடி டீச்சருக்கு என்மேல் கோபம்.

டவுனில் வேறு பிரச்சினை. நடக்க முடியாத மூன்றரை வயதுப் பெண் குழந்தையை அங்கன்வாடியில் சேர்க்கக் கேட்டால், "ஸ்பெஷல் ஸ்கூல்ல சேருங்க, மத்த அம்மாங்க சண்டைக்கு வர்றாங்க" என்கிறார்கள். வீட்டிலோ, "டிகிரி படிச்சுட்டுக் கரண்டியும் டம்ளரும் வெச்சு விளையாடறதுக்கு மலை ஏறணுமா" என்று கேலி. வாரத்தில் ஒரு மணி நேரம் போய் என்ன மாறப்போகிறது என்று எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது. வேலையை விட்டுவிட்டு பி.எட். ஸ்பெஷல் எஜுகேஷன் படிக்கட்டுமா? நான் இந்த வேலைக்கு லாயக்கா?

– பெயர் வேண்டாம், அம்மாபேட்டை, சேலம்

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

லாயக்கா என்கிற கேள்வி கொஞ்சம் காத்திருக்கட்டும். முதலில் அந்தப் பூட்டைப் பார்ப்போம்.

நீங்கள் வாசலில் நின்று ஒரு வார்த்தை சொன்னீர்கள். சொல்லிவிட்டு பஸ் பிடித்துக் கீழே இறங்கிவிட்டீர்கள். அந்த அம்மாவுக்கு அந்த வார்த்தையோடு ராத்திரி முழுக்க இருக்க வேண்டியிருந்தது. மலையில் இருப்பவர்களுக்கு ஆட்டிசம் என்றால் தெரியாது என்று நினைக்காதீர்கள். கையில் போன் இருக்கிறது. தேடியிருப்பார். என்னென்னவோ வீடியோ வந்திருக்கும். மாமியாரிடம் சொன்னால், "எங்க பக்கம் அப்படி யாரும் கெடையாதே" என்று பதில் வந்திருக்கும். அடுத்த வாரம் நீங்கள் ஃபைலோடு வருவது தெரிந்தால் அவர் கதவைச் சாத்தாமல் என்ன செய்வார்? நானாக இருந்தால் நானும் சாத்துவேன்.

நமக்கு அந்தப் பெயரைச் சொல்லும் உரிமையும் கிடையாது. குழந்தை மருத்துவர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் போன்றவர்கள், பல தடவை பார்த்து, முறையான சோதனைகள் செய்து சொல்ல வேண்டிய பெயர் அது. மூன்று தடவை வீட்டுக்குப் போன களப்பணியாளரோ, 20 வருடமாக இதே வேலையில் இருக்கும் நானோ சொல்லக் கூடாது. அதற்காக மழுப்பவும் வேண்டாம். "அப்போ ஆட்டிசமா?" என்று அம்மாவே நேராகக் கேட்டால், "எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்கும்மா, ஆனா அத டாக்டர்தான் சொல்லணும், நான் கூட வர்றேன்" என்று சொல்லலாம். நான் அப்படித்தான் சொல்வேன்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். "பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை" என்று இருக்கிறது. அவன் காதைச் சோதித்தார்களா என்பது எங்குமே இல்லை.

இதில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். பல வருடத்துக்கு முன்னால், கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு விசைத்தறி வீடு. ஒரு அறையில் நான்கு தறி, அடுத்த அறையில் குடும்பம். இரண்டரை வயதுப் பையன், பேச்சில்லை. நான் ஃபைலில் எழுதியது எனக்கு இன்னும் மனப்பாடம்: "சத்தத்துக்குத் திரும்புகிறான். பெயருக்குத் திரும்புவதில்லை. மனிதர்களிடம் ஆர்வம் குறைவு. கைகளை விநோதமாக அசைக்கிறான்." சத்தத்துக்குத் திரும்புகிறான் என்று எதை வைத்து எழுதினேன் தெரியுமா? கரண்ட் போய்த் தறி நின்றால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்து தறிக்கூடத்தைப் பார்ப்பான். சத்தம் நின்றது தெரிகிறது, அப்படியானால் காது கேட்கிறது, இது என் கணக்கு. 11 மாதம் அவனை எதிரில் உட்கார வைத்து, கண்ணைப் பார்க்கப் பழக்கிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் எங்கள் நிறுவனத்துக்கு ஒரு ஆடியாலஜிஸ்ட், அதாவது காது கேட்கும் திறனைச் சோதிப்பவர், வேலைக்கு வந்தார். ஒருநாள் என்னோடு அந்த வீட்டுக்கு வந்தவர், "செருப்பக் கழட்டிட்டு தரையில நில்லுங்க" என்றார். நின்றேன். தறி ஓடும் அதிர்வு சிமென்ட் தரை வழியாக உள்ளங்காலில் ஏறியது. கரண்ட் போனதும் அது நின்றது. பையனுக்குத் தெரிந்தது அதுதான். சோதித்துப் பார்த்ததில் இரண்டு காதிலும் கடுமையான குறைபாடு. "விநோதமாக அசைக்கிறான்" என்று நான் எழுதிய கையசைவுகள் அவனும் அம்மாவும் சேர்ந்து உண்டாக்கிய பாஷை. கன்னத்தில் இரண்டு விரல் வைத்தால் பால். தறிக்கூடத்தில் எல்லோருமே கையாலும் முகத்தாலும்தான் பேசிக்கொள்வார்கள், அந்தச் சத்தத்தில் வேறு வழியில்லை. அதனால் வீட்டில் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. எனக்குப் பட்டிருக்க வேண்டும்.

அதனால் சொல்கிறேன், பேச்சில்லை என்றால் முதலில் காது. பின்னால் நின்று கைதட்டிப் பார்ப்பதும், தட்டைக் கீழே போட்டுப் பார்ப்பதும் சோதனை ஆகாது. காற்று அசைவதிலும் தரை அதிர்வதிலும் குழந்தை திரும்பிவிடும். சில சத்தம் கேட்டு, பேச்சுக்கு வேண்டிய சத்தம் மட்டும் கேட்காத குழந்தைகளும் உண்டு. மலைக் குளிரில் அடிக்கடி சளி பிடித்து, காதுக்குள் நீர் கோத்துக்கொண்டோ சீழ் வடிந்தோ கேட்பது மங்கிப்போகும் குழந்தைகளும் உண்டு. அவர்களில் பலருக்கு மருத்துவமே போதும். இதற்கெல்லாம் கெடு இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்பிளான்ட், அதாவது கேட்பதற்கான கருவியைக் காதுக்குள் பொருத்தும் அறுவை சிகிச்சை, 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு. எவ்வளவு முன்னால் செய்கிறோமோ அவ்வளவு பேச்சு வரும். உங்கள் பையனுக்கு ஏற்கெனவே 2 வயது 8 மாதம்.

காது சரியாக இருந்து, கடைசியில் நீங்கள் சந்தேகப்பட்டதாகவே இருந்தால்? இருக்கலாம். அப்போதும் முதலில் காதைப் பார்த்த நேரம் வீணில்லை. டாக்டரும் அதைத்தான் முதலில் கேட்பார்.

சரி, திரும்ப எப்படிப் போவது. தனியாகப் போகாதீர்கள். நம் பக்கம் பாட்டியும் ஆயா, பால்வாடி உதவியாளரும் ஆயா. உங்களுக்கு இரண்டு ஆயாவும் வேண்டும். பால்வாடி ஆயா பெரும்பாலும் அதே ஊர்க்காரர், அந்த வீட்டுக்குச் சொந்தமாகக்கூட இருப்பார். அவரோடு போங்கள். காலையில் போகாதீர்கள். காப்பிப் பழம் பறிக்கும் சீசன் என்றால் அம்மா விடிந்ததும் எஸ்டேட்டுக்குப் போயிருப்பார், கூலி நாள் கணக்கு. பூட்டு உங்களுக்காகவே போட்டதாகவும் இல்லாமல் இருக்கலாம். சாயங்காலம் வீடு திரும்பி அடுப்புப் பற்றவைத்த பிறகு போங்கள். கடைசி பஸ் நேரத்தை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பனி இறங்கிய பிறகு காட்டெருமை நிற்கும் பாதையில் நடப்பது வீரம் இல்லை.

ஃபைலைக் கொண்டுபோகாதீர்கள். "அன்னிக்கு நான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன்க்கா, தப்புதான்" என்று சொல்லிவிடுங்கள். விளக்கம் வேண்டாம். அப்புறம் பையனைப் பற்றிக் கேளுங்கள்: எதைப் பார்த்தால் சிரிப்பான், யாரிடம் ஒட்டிக்கொள்வான், பசித்தால் எப்படிக் காட்டுவான். இந்த மூன்றுக்கும் வரும் பதிலில், உங்கள் படிவத்தில் இல்லாத பாதி விஷயம் இருக்கும். பாட்டி நிச்சயம் ஒன்று சொல்வார்: "அவங்கப்பனும் மூணு வயசுலதான் பேசுனான்." வாதாடாதீர்கள். "பேசட்டும் ஆயா, நல்லதுதான். அதுவரைக்கும் காதை மட்டும் ஒருதடவ பாத்து வெச்சுக்குவோம்." சேர்வராயன் கோயிலுக்கு வேண்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னால், வேண்டிக்கொள்ளட்டும். வசம்பை உரசி நாக்கில் தடவுவதாகச் சொன்னால், அதையும் டாக்டரிடம் சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடுங்கள். முதல் நாளே அதற்குச் சண்டை வேண்டாம். அம்மா போன் கொடுத்துக் கெடுத்துவிட்டார் என்று மட்டும் யாரையும் பேச விடாதீர்கள். அடுப்பில் உலை கொதிக்கும்போது குழந்தை அடுப்பங்கரைக்கு வராமல் இருக்கப் போனைக் கொடுக்கிறார். போனைக் குறைக்கலாம், குறைக்க வேண்டும். அதுதான் இதற்குக் காரணம் என்று சொல்வது அநியாயம்.

நீங்கள் பார்த்ததைச் சொல்லலாம், பெயர் வைக்காமல். ஒரு வயதில் குழந்தை தன் பெயருக்குத் திரும்பும், இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசும், தம்பி இன்னும் அங்கே வரவில்லை. இவ்வளவு போதும். எந்த வயதில் குழந்தை எதைச் செய்யும் என்று, ஒரு செயலுக்கு ஒரு கோடாகக் காட்டும் திருவனந்தபுரம் வளர்ச்சி அட்டவணை உங்கள் பையில் இருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டு வயது வரைக்கும் 17 செயல்கள் கொண்டதாக முதலில் வந்து, பிறகு ஆறு வயது வரைக்கும் 51 ஆக விரிவாக்கியது. குழந்தையின் வயதில் ஒரு பென்சிலை நெட்டுக்குத்தாக வைத்தால், அதற்கு இடது பக்கம் முடிந்துபோன கோடுகளெல்லாம் அவன் செய்திருக்க வேண்டியவை. பென்சிலை அம்மா கையில் கொடுத்து அவரையே வைக்கச் சொல்லுங்கள். தானே வைத்துப் பார்த்ததை யாரும் சுலபத்தில் மறுக்க மாட்டார்கள்.

கீழே வர அவர் உடனே சம்மதிக்காவிட்டால் ஒரு நடு வழி இருக்கிறது. 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்கிற குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தில் மருத்துவக் குழு வருடத்துக்கு இரண்டு தடவை அங்கன்வாடிக்கு வர வேண்டும். பிறவிக் குறை, சத்துக் குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் நான்கையும் பார்ப்பார்கள். அந்தக் குழு எப்போது வருகிறது என்று பால்வாடி டீச்சரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ கேட்டு, அன்றைக்குப் பையன் அங்கே இருக்கும்படி பாருங்கள். அவர்கள் சீட்டு எழுதிக் கொடுத்தால் அடுத்தது மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம், இப்படிப்பட்ட குழந்தைகளை விரிவாகச் சோதித்துச் சிகிச்சை தரும் இடம். மலையேறி வந்த டாக்டர், ஊரில் எல்லாப் பிள்ளையையும் பார்த்துவிட்டு, இவனுக்கும் ஒரு சீட்டு எழுதினார் என்றால் அதில் அவமானம் இல்லை. உங்கள் வாயால் தனியாக வந்தபோது இருந்தது.

இப்போது அந்தக் கரண்டி, டம்ளர் விஷயம்.

குழந்தை ஒரு நாளைக்குச் சுமார் 12 மணி நேரம் விழித்திருக்கிறது. வாரத்துக்கு 84 மணி நேரம். அதில் உங்களுடையது ஒன்று. அந்த ஒன்றில் நீங்கள் எவ்வளவு அழகாக விளையாடினாலும் மிச்சம் 83 இருக்கிறது. உங்கள் வேலை அந்த 83-இல்தான் நடக்கிறது, நீங்கள் இல்லாதபோது. நான் எனக்கே வைத்துக்கொண்ட கணக்கு ஒன்று உண்டு: ஒரு மணி நேரத்தில் குழந்தை என் கையில் 15 நிமிஷத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மிச்ச நேரம் அம்மா கையிலோ பாட்டி கையிலோ அண்ணன் கையிலோ. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன், வாயை மூடிக்கொண்டு. கஷ்டமான பகுதி அதுதான். நர்சரி டீச்சராக இருந்தவருக்கு இன்னும் கஷ்டம்.

உங்கள் மூடிப் பையனையே எடுத்துக்கொள்வோம். மூடியைப் பிடுங்கிவிட்டுப் பொம்மையைக் கொடுக்காதீர்கள். நீங்களும் ஒரு மூடி எடுத்து, அவன் பக்கத்தில் உட்கார்ந்து சுற்றுங்கள். அவன் நிறுத்தினால் நிறுத்துங்கள். அவன் தட்டினால் தட்டுங்கள். எப்போதாவது ஒரு நொடி உங்கள் மூடியைப் பார்ப்பான், அப்புறம் உங்கள் கையை, அப்புறம் முகத்தை. முதல் நாளே நடக்காது. நடந்த பிறகு அதை அம்மாவுக்குக் கொடுத்துவிடுங்கள். குளிப்பாட்டும்போது சொம்பில் தண்ணீர் மொண்டு, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, "ஊத்தட்டுமா?" என்று கேட்டுவிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். மனசுக்குள் பத்து எண்ணட்டும். அவன் நிமிர்ந்து பார்த்தாலோ, கையைத் தூக்கினாலோ, ஒரு சத்தம் போட்டாலோ உடனே ஊற்ற வேண்டும். ஒரு குளியலில் எட்டுச் சொம்பு என்றால் எட்டுத் தடவை அவன் கேட்டு வாங்குகிறான். எந்த தெரபி அறையிலும் இத்தனை தடவை கிடைக்காது. காது கேட்கிறதோ இல்லையோ, ஆட்டிசமோ இல்லையோ, இதை நாளைக்கே ஆரம்பிக்கலாம். களத்தில் காப்பி காயப்போடும் பாட்டியோடு கொட்டையை டம்ளரில் போட்டு எடுப்பதும் நல்ல விளையாட்டுதான், எல்லாவற்றையும் வாயில் வைக்கும் குழந்தையாக இல்லாத பட்சத்தில்.

அடுத்து டவுனில் இருக்கும் அந்தப் பெண் குழந்தை. இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு, அதனால் நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

அங்கன்வாடி வெறும் விளையாட்டுப் பள்ளி கிடையாது. 1975-இல் தொடங்கிய ஐ.சி.டி.எஸ். எனும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் மையம் அது. எடை பார்க்கும் இடம், சாப்பாடும் முட்டையும் சத்துமாவும் கிடைக்கும் இடம், தடுப்பூசி விடுபட்டிருந்தால் தெரியவரும் இடம். நடக்க முடியாத குழந்தைகளில் நிறையப் பேர் எடை குறைந்துதான் இருப்பார்கள். மெல்லவும் விழுங்கவும் சிரமம், ஒரு வேளை ஊட்ட முக்கால் மணி நேரம் ஆகும். அந்தக் குழந்தையைத் திருப்பி அனுப்பினால் பாட்டோடும் கதையோடும் சேர்த்து எடையும் முட்டையும் போகிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. 2023 நவம்பரில் மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் அங்கன்வாடிகளில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கென்றே ஒரு நெறிமுறையை வெளியிட்டது. முன்கூட்டியே கண்டுபிடிப்பது, சேர்த்துக்கொண்டு குடும்பத்துக்குத் துணை நிற்பது, மேல் சிகிச்சைக்கு அனுப்புவது, மூன்றும் அதில் இருக்கிறது.

இந்தத் தாளையெல்லாம் பையில் வைத்திருங்கள். முதலில் எடுக்காதீர்கள். அந்த டீச்சருக்கு ஒரே அறை, இருபது பிள்ளைகள், செல்போனில் ஏற்ற வேண்டிய பதிவுகள், பல இடங்களில் பக்கத்து மையத்தின் கூடுதல் பொறுப்பு வேறு. "மத்த அம்மாங்க சண்டைக்கு வர்றாங்க" என்று அவர் சொல்வதற்கு அடியில் வேறு கேள்வி இருக்கும்: விழுந்துவிட்டால் யார் பதில் சொல்வது, பாத்ரூம் வந்தால் யார் தூக்குவது, புரையேறினால் என்ன செய்வது. நியாயமான கேள்விகள். அதற்கு உங்களிடம் பதில் இருந்தால் கதவு திறக்கும்.

நான் செய்வது இது. முதல் இரண்டு வாரம் குழந்தை அம்மாவோடு வரட்டும், சாப்பாட்டு நேரத்தை ஒட்டி இரண்டு மணி நேரம் மட்டும். அறையில் இரண்டு சுவர் சேரும் மூலையில் உட்கார வையுங்கள், இரண்டு பக்கமும் தலையணை, கால் நடுவே சுருட்டிய போர்வை. முதுகு நிற்கும், கை விடுபடும். மற்ற பிள்ளைகள் உட்காரும் வரிசை அந்த மூலையிலிருந்து தொடங்கட்டும், அப்போதுதான் அவள் தனியாக ஓரத்தில் கிடப்பதாக இருக்காது. கரண்டிக் காம்பில் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றிக் கட்டிவிட்டால் இறுக்கமான விரல்களுக்கும் பிடி கிடைக்கும். ஊட்டும்போது மடியில் மல்லாக்கப் படுக்கவைத்துத் தலையைச் சாய்த்து ஊட்டக் கூடாது. சாப்பாடு மூச்சுக்குழாயில் இறங்கும். உட்காரவைத்து, தாடை கொஞ்சம் கீழ்நோக்கி இருக்க, நீங்களும் அவள் கண் மட்டத்துக்குக் கீழே உட்கார்ந்து ஊட்ட வேண்டும். இதை டீச்சருக்கும் ஆயாவுக்கும் கையைப் பிடித்துக் காட்டிக் கொடுங்கள். சொல்லிக் கொடுத்தால் மறந்துவிடும்.

மற்ற அம்மாக்களைக் கூட்டம் போட்டு அழைக்காதீர்கள், வரமாட்டார்கள். சத்துமாவு வாங்க எல்லோரும் வரும் நாளில் நீங்கள் அங்கே இருங்கள். "ஒட்டிக்குமா?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். "ஒட்டாதுங்க" என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள், நீளமாகப் பேசினால் சந்தேகம் கூடும். பிள்ளைகள் நம்மைவிட வேகம். கிச்சிப்பாளையத்தில் ஒரு மையத்தில் நான்கு வயதுப் பயல் ஒருவன், யாரும் சொல்லாமலே, இப்படி ஒரு குழந்தையின் தட்டு நகராமல் இருக்கத் தன் காலால் அணை கொடுத்து உட்கார்ந்துகொண்டு சாப்பிட்டான். ஒரு வாரம் கழித்து அது அவன் இடமாகவே ஆகிவிட்டது, வேறு யாரையும் உட்கார விடவில்லை. அதைப் பார்த்துத்தான் அவன் அம்மா சண்டையை நிறுத்தினார்.

இதையெல்லாம் செய்து ஒரு மாதம் கழித்தும் முடியாது என்றால், அப்போது தாளை எடுங்கள். மேற்பார்வையாளர், அதற்கு மேல் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர். மனு எழுத்தில் இருக்கட்டும், கையெழுத்து பெற்றோருடையதாக இருக்கட்டும்.

ஸ்பெஷல் ஸ்கூல் என்றாலே எதிரி மாதிரிப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இந்தக் குழந்தைக்கு இயன்முறை மருத்துவம் வேண்டும், ஆரம்பநிலைப் பயிற்சி மையத்தில் அது கிடைக்கும். வாரத்தில் இரண்டு நாள் அங்கே, மிச்ச நாள் வீட்டுத் தெருவில் இருக்கும் பால்வாடி. இரண்டும் சேர்ந்து நடக்கலாம். ஒன்றைக் காட்டி மற்றதை மறுப்பதுதான் தப்பு.

உதவிகள் பற்றிச் சுருக்கமாக. யு.டி.ஐ.டி. எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, கடும் பாதிப்பு இருந்தால் மாநில அரசின் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1 லட்சம் ரூபாய் வரையிலான நிராமயா மருத்துவக் காப்பீடு. மூன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சின்ன வயதில் கிடைக்கும் மாற்றுத்திறன் சான்று பெரும்பாலும் தற்காலிகமானது, புதுப்பிக்கும் தேதியைக் குறித்து வைத்துக் குடும்பத்துக்கு ஞாபகப்படுத்துங்கள். முதல் சந்திப்பிலேயே சர்டிபிகேட் பேச்சை எடுக்காதீர்கள். அதுவும் ஒரு பூட்டு.

போட்டோ பற்றியும் ஒன்று. நிதி கொடுப்பவர்களுக்குப் படம் வேண்டும் என்று உங்கள் ஆபீஸில் கேட்பார்கள். அம்மாவிடம் எழுத்தில் சம்மதம் வாங்காமல் எடுக்காதீர்கள், வாங்கினாலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள். மலையில் ஊர் சின்னது.

படிப்பு. படியுங்கள், ஆனால் வேலையை இப்போதே விட்டுவிட்டுப் போகாதீர்கள். இன்னும் ஒரு வருடம் வீடு வீடாக ஏறி இறங்கிவிட்டுப் போனால், வகுப்பில் சொல்வது ஒவ்வொன்றும் ஒரு முகத்தோடு வந்து நிற்கும். சிறப்புக் கல்வியாளர் என்று சொல்லி வேலை செய்ய இந்திய மறுவாழ்வுக் குழுவில், அதாவது ஆர்.சி.ஐ.யில் பதிவு வேண்டும். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவில்லாமல் அப்படித் தொழில் செய்வது ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். களப்பணியாளராக நீங்கள் செய்வதில் தப்பில்லை, யாராவது "தெரபிஸ்ட் மேடம்" என்று கூப்பிட்டால் திருத்திவிடுங்கள். பி.எட். பெரும்பாலும் பள்ளி வயதுப் பிள்ளைகளை மனதில் வைத்தது. உங்கள் ஈடுபாடு ஆறு வயதுக்குள் என்றால், ஆரம்பக் குழந்தைப் பருவ சிறப்புக் கல்விப் பட்டயம் மாதிரியான படிப்பையும் விசாரியுங்கள். சென்னை முட்டுக்காட்டில் இருக்கும் தேசியப் பல்வகை ஊனமுற்றோர் நிறுவனத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். எங்கே சேர்ந்தாலும், அந்தக் கல்லூரிக்கு அந்த வருடத்துக்கு ஆர்.சி.ஐ. அங்கீகாரம் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஒரு வாரத்தில் ஆட்டிசம் தெரபிஸ்ட் ஆக்குகிறோம் என்று வரும் விளம்பரங்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

சம்பளம் பெரிதாக வராது, பல இடங்களில் ஒப்பந்தம் வருடா வருடம். வீட்டில் அதைக் கேட்டால் நியாயம், உண்மையைச் சொல்லுங்கள். கரண்டி, டம்ளர் கேலிக்குப் பதில் சொல்ல வேண்டாம். ஒருநாள் அம்மாவையும் மலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், எப்படியும் ஏற்காடு பார்க்க ஆசைப்படுவார்.

லாயக்கா என்று கேட்டீர்கள். சொன்னது தப்பாகிவிட்டதோ என்று ராத்திரி தூக்கம் கெட்டுக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். என் 11 மாதத் தப்பு எனக்கு ஒரு தடவைகூட உறுத்தவில்லை, அடுத்தவர் வந்து செருப்பைக் கழற்றச் சொல்லும் வரைக்கும். நீங்கள் என்னைவிடத் தேவலை.

கடைசியாக, அவர்கள் சம்மதித்துக் கீழே வரும் நாளுக்கு. முதல் நாள் செய்யும் ஓ.ஏ.இ. என்கிற காதுச் சோதனைக்குக் குழந்தை அமைதியாக இருந்தால் போதும். சத்தம் காதிலிருந்து மூளைக்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்க்கும் பெரா சோதனை வேண்டும் என்று சொன்னால் அதற்கு வேறு நாள் கொடுப்பார்கள், அதற்குக் குழந்தை தூங்க வேண்டும். அதனால் முந்தின ராத்திரி நேரம் கழித்துப் படுக்கவைத்து, விடிகாலையில் எழுப்பிவிடச் சொல்லுங்கள். காலையில் இட்லி ஒன்றோ இரண்டோ, அதற்கு மேல் வேண்டாம், இறக்கத்தில் வாந்தி எடுத்துவிட்டால் அன்றைய நாள் போச்சு. தூங்க மருந்து கொடுப்பதாக இருந்தால் அந்தச் சாப்பாட்டைப் பற்றியும் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பஸ்ஸில் முன் சீட்டாகப் பிடியுங்கள். வண்டி ஆட்டத்தில் அவன் கண் சொக்கும். பஸ்ஸிலேயே தூங்கிவிட்டால் ஆஸ்பத்திரியில் கண்ணை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், மறுபடியும் தேதி வாங்க வேண்டும், அவன் அம்மாவுக்கு இன்னொரு நாள் கூலி போகும். ஆகவே பையில் இரண்டு மூடி எடுத்துக்கொள்ளுங்கள். 20 கொண்டை ஊசி வளைவும் முடிகிற வரைக்கும் அவனைத் தூங்க விடக் கூடாது.

அன்புடன்,
அக்கா